என்.ஏ.ஐ. ஏரியா

போன மாதம் நான் ரிட்டயர் ஆனேன். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். ராஜபாளையத்தில் ஒரு குழாய் வடிவமைப்பு அலுவலகத்தில் ஏழு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? மாலை போட்டார்கள். மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள். "ஓய்வுக் காலத்தை எப்படிக் கழிப்பதாக உத்தேசம்?" என்று மைக் இல்லாமலேயே பேட்டி எடுத்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் காட்டு ஓடைகளில் நீர் அளக்கும் ஒரு குழுவில் சேரப் போகிறேன் என்றேன். அங்கே குழாயே கிடையாது. தண்ணீர் தன் விட்டத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்த ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம டிராயிங்ல என்.ஏ.ஐ.னு ஒரு லேயர் இருக்குல்ல? எந்த ப்ராஜெக்ட் எடுத்தாலும் காலியா வந்து நிக்கி. அதுக்கு ஃபுல் ஃபார்ம் என்ன? அழிச்சிரவா?"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

பயந்துபோய்க் கடலையைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டுவிட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படித்தது சிவில். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஜெராக்ஸ் எடுத்தேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அன்று நல்ல நாள். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மூன்றாம் வருடம் ஜெபராணி மேடம் என் மேஜையில் ஒரு கோப்பைப் போட்டுவிட்டு, "இது ஒனக்கு" என்றார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசிக்கவே இல்லை.

மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தின் தலைமை வடிவமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் உச்சஸ்தாயி. திங்கட்கிழமை அலுவலகத்திலும் அதே ஸ்தாயி. கணக்குத் தாள்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிப்பார்கள். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுத் தாளைத் திருப்பித் தள்ளுவார்கள். என்ன தப்பு என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு "ம்". அந்த ஒரு எழுத்துக்காக நான் எத்தனை பஸ்களைத் தவறவிட்டிருக்கிறேன்!

அதோடு ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கேள்வி உண்டு. வரைபடத்தில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போவார்கள். கோடு முடிகிற இடத்தில் விரல் நிற்கும். "இந்தக் கோட்டோட கடைசியில ஆரு நிக்கா?" ஆள் யாரென்று சொல்ல வேண்டும். சமையல்காரரா, வாட்ச்மேனா, குளிக்க நிற்கிற பிள்ளையா? "யாரும் இல்ல மேடம், கோடு அதோட முடியுது" என்று ஒருமுறை சொன்னேன். ஒரு வட்டம் விழுந்தது.

என் கோப்பு ஒரு நூற்பாலை. குடிநீருக்கும் தீயணைப்புக்கும் ஒரே குழாய்வலை. கேட்டை ஒட்டிப் பம்ப் அறை. அங்கிருந்து இரண்டு கை பிரியும். இடக்கை கேன்டீனைத் தாண்டிப் பஞ்சு கோடவுன் வரை. வலக்கை தொழிலாளிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் வரை. ஒவ்வொரு கையும் ஏறக்குறைய நானூறு மீட்டர். சாதாரண நாளில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குடிநீர் வரும். தீப்பிடித்தால் அதே குழாயில் தீப் பம்ப் தண்ணீரைத் தள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறதா? இதில்தான் கூத்து. தீக்குத் தடித்த குழாய் வேண்டும். தீயணைப்பு ஹோஸை மாட்டுகிற ஹைட்ரன்டைத் திறந்ததும் தண்ணீர் பாய்ந்து வர வேண்டும். குழாய் ஒல்லியாக இருந்தால் உராய்விலேயே பாதி வேகம் செத்துவிடும். குடிக்கிற வாய்க்கோ ஒல்லிக் குழாய்தான் நல்லது. ஹாஸ்டலில் குளிக்கத் துவைக்க போர்வெல் உப்புத் தண்ணீர். எங்கள் குழாய் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். ஆக, தடித்த குழாயில் தண்ணீர் நகராமல் ஐந்து நாள் கிடக்கும். அதற்குள் குளோரின் செத்து, தண்ணீர் நாற ஆரம்பிக்கும்.

ஹாஸ்டலுக்கு ஏற்கெனவே போட்டிருந்த பழைய ஆறு இஞ்ச் குழாயில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கோப்பின் முதல் தாளே ஒரு மனு. கையெழுத்து அழகு. "ஐயா, இந்தத் தண்ணீரை நாய்கூடக் குடிக்கவில்லை. நாங்கள் பார்த்துவிட்டோம். இப்படிக்கு, ஹாஸ்டல் பெண்களுக்காக, செல்வி, கூமாப்பட்டி." கோபத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாளைப் புரட்டிவிட்டேன். இந்த இடத்தில் மேடம் ஒரு வட்டம் போட்டிருக்கலாம்.

ஆறு இஞ்ச் வேண்டாம், நாலு இஞ்ச் போடுவோம் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் இரண்டே நாளில் மாறிவிடும், அருமை! ஆனால் ஹைட்ரன்ட்? அழுத்தத்தை நாங்கள் மீட்டரில் சொல்வோம், அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் கொடுப்பது நாற்பது. ஹாஸ்டல் ஹைட்ரன்டில் முப்பத்தைந்தாவது மிஞ்ச வேண்டும். நாலு இஞ்ச் குழாயின் உராய்வு பதினான்கைத் தின்றுவிட்டு இருபத்தாறைத்தான் மிச்சம் வைத்தது. இருபத்தாறு! அந்த எண்ணை நான் கனவில்கூட அடையாளம் காண்பேன்.

இதற்கு ஒரு வழி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. இரண்டு கைகளின் நுனியையும் இணைத்து வட்டமாக்கிவிட்டால் போதும். ஹைட்ரன்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் ஓடி வரும். ஒவ்வொரு கையிலும் பாதி நீர் ஓடினால் உராய்வு பாதியாகாது, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். எனக்கு அந்தச் சமன்பாட்டை முத்தமிடலாம் போலிருக்கும். கோடவுன் நுனியும் ஹாஸ்டல் நுனியும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். அதற்குள் அளவு இல்லை, மட்டம் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் மூன்று எழுத்து மட்டும்: என்.ஏ.ஐ.

படித்தவள் அல்லவா நான்? விதிநூல்களைப் புரட்டினேன். 'என்.ஏ.' என்றால் அனுமதி இல்லை என்று ஊகித்தேன். 'ஐ' என்றால் இண்டஸ்ட்ரியல். தெரியாது என்று சொல்ல வெட்கம். "மேடம், நடுவுல என்.ஏ.ஐ. வருது" என்றேன். மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஓ... என்.ஏ.ஐ.யா" என்றார்கள். பென்சில் அசையவில்லை. அப்பாடா, மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது.

புதன்கிழமை மில்லில் கூட்டம். மேனேஜர் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடம் கேட்டார்கள்: "என்.ஏ.ஐ. ஏரியாவுல எதும் ரூல்ஸ் ரிலாக்சேஷன் கெடைக்குமா சார்?"

மேனேஜர் பேனா மூடியைக் கடித்தார். "என்.ஏ.ஐ.ல ரிலாக்சேஷன்லாம் கஷ்டம் மேடம். மேல கேக்கணும்."

"அதான் நானும் நெனைச்சேன்" என்றார்கள் மேடம்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: 'என்.ஏ.ஐ. — ரிலாக்சேஷன் கஷ்டம்.'

பிறகு மேனேஜர் சொன்னார், "சனிக்கிழம பைப் ஆர்டர் போயாகணும். எதுக்கு இம்புட்டுச் சிக்கல்? ஹாஸ்டலுக்கு ரெண்டு இஞ்ச் குடிநீர் லைன் மட்டும் போடுங்க. ஹைட்ரன்ட் வேண்டாம். நாலு வாளி மணல் தொங்கவிட்டுருவோம்."

நாலு வாளி மணல்! ஹாஸ்டலுக்குப் பின்னால் அந்த வெற்றுக் கட்டம். அதற்கு அந்தப் பக்கம் கூரை முட்டப் பஞ்சு. மேடம் கோப்பை மூடினார்கள். அலுவலகத்தில் காரிலிருந்து இறங்கும்போது, "ரேவதி, அந்தக் கோட்டோட கடைசியில ஆரு நிக்கானு நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்றார்கள்.

வியாழக்கிழமை ஹாஸ்டல் சமையலறை வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். தலையில் இன்னும் பஞ்சுத் தூசி. ஷிப்ட் முடிந்து வந்தவள்.

"மனு எழுதுன செல்வி நீங்கதானா?"

"ஆமா. வாங்க மேடம். தண்ணி குடிக்கியளா?"

சிரித்துக்கொண்டே ஒரு டம்ளரை நீட்டினாள். பின்னால் நின்ற நாலைந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரோஷத்தில் ஒரே மூச்சில் குடித்தேன். துருப்பிடித்த ஆணியைக் குளத்துப் பாசியில் ஊறப்போட்ட மாதிரி இருந்தது.

"ஏ, முழுங்கிட்டாக!" என்று ஒருத்தி கூவினாள்.

"நாங்க துப்பிருவோம் மேடம்" என்றாள் செல்வி. "நீங்க பரவால்ல, வெள்ளையனே மூந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். எங்கள ஒரு பார்வ பாத்தான் பாருங்க, அம்புட்டுக் கேவலமாப் போச்சு."

"எந்த வெள்ளையன்?"

"மனுவுலதான் எழுதியிருந்தேனே, நாய்கூடக் குடிக்கலன்னு. அந்தா நிக்கான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு ராஜபாளையம் நாய்கள் வரிசையாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. வெள்ளை வெளேரென்று, நீண்ட கால், ரோஸ் மூக்கு. முதலாளி வீட்டு நாய்கள். ஊருக்குள் ஓட இடம் பத்தாது என்று மில்லுக்குள் வளர்க்கிறாராம்.

கையில் வரைபடம் இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். வரைபடத்தைப் பார்த்தேன். என், ஏ, ஐ. ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுத்துக் கூட்டியதில்லை. நா. ய். நாய்!

அங்கேயே நின்று சர்வேயர் சுந்தரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, மில் டிராயிங்ல என்.ஏ.ஐ.னு போட்டிருக்கீங்களே, அப்டின்னா என்ன?"

"நாய்."

"அண்ணே!"

"பின்ன என்னன்னு போடச் சொல்லுத? அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தே கெடையாது. உள்ள கால வச்சேன், பதினொண்ணும் எந்திரிச்சு நிக்கி. மெஷின அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். என்ன இருக்குன்னு எழுதணும்லா? எழுதிட்டேன். அது சரி, நாலு மாசமா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயேம்மா?"

நான் சிரித்த சிரிப்பில் செல்வி பயந்துவிட்டாள். தண்ணீர் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்திருப்பாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கட்டத்தின் நீளம் மட்டும் தெரிந்தால் போதும், உங்களுக்கு நல்ல தண்ணீரும் கிடைக்கும், ஹைட்ரன்டும் கிடைக்கும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நெசமாவா? போன வருசம் கோடவுன்ல பஞ்சு பொகைஞ்சப்ப நாங்க தண்ணிக் கொடத்தோட வரிசையா நின்னோம் மேடம். தண்ணி சொட்டுச் சொட்டா வந்துச்சு. பொக அதுவா அடங்குச்சு." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "டேப்பக் கொண்டாங்க. எம்புட்டு நீளம்னுதான பாக்கணும்?"

"கடிக்காதா?"

"மொதலாளி வீட்டுல தெலுங்கு, அதுகளுக்கும் தெலுங்குதான் புரியும். நாய்க்காரர் கூப்பிடுறத இந்தச் சன்னல்ல நின்னு ரெண்டு வருசமாக் கேக்கேன்." கதவைத் திறந்துகொண்டு போனாள். "ரா... ரா, ரா..."

பதினொன்றும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன! செல்வி டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநுனி என் கையில். நடுவில் வெள்ளையன் டேப்பை மோந்துகொண்டே கூட வந்தான். முப்பத்தெட்டு மீட்டர். நான் கத்திய கத்தலுக்கு நாய்களும் சேர்ந்து குரைத்தன. "ஏட்டி, கத்தாதட்டி, மெரளுதுல்லா!" என்றாள் செல்வி. மேடம் போய் ஏட்டி வந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய பதவி உயர்வு இன்றுவரை கிடைத்ததில்லை.

மாலை பஸ்ஸில் வரைபடத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வட்டம். நாலு இஞ்ச். இரண்டு கையிலும் பாதிப் பாதி. பதினான்கு மீட்டர் உராய்வு நான்குக்கு இறங்கியது. நாற்பதில் நான்கு போனால் முப்பத்தாறு. வேண்டியது முப்பத்தைந்து. ஒரு மீட்டர் மிச்சம்! தலையை நிமிர்த்தினால் பஸ் ஶ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவிலில் நிற்கிறது. இறங்கி எதிர்ப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை மேடம் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள். விரல் கோட்டின் மேல் ஓடியது. ஹாஸ்டலுக்கு வந்தது, கட்டத்துக்குள் நுழைந்தது, கோடவுனுக்குப் போனது, கேன்டீனைத் தாண்டிப் பம்ப் அறைக்கே திரும்பி வந்துவிட்டது. பழக்கத்தில் கேட்டார்கள்: "இந்தக் கோட்டோட கடைசியில..."

"கடைசியே கெடையாது மேடம். சுத்தி வந்தாச்சு."

"என்.ஏ.ஐ. என்னாச்சு?"

சொன்னேன். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கூட்டத்தில் ரிலாக்சேஷன் கேட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்புறம் வந்தது பாருங்கள், அந்த உச்சஸ்தாயிச் சிரிப்பு! கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மேனேசரு சொன்னது சரிதான். மேலதான் கேக்கணும்" என்றார்கள்.

சனிக்கிழமை காலை முதலாளி முன்னால் உட்கார்ந்திருந்தோம். முழுதாகக் கேட்டார். முகம் சுருங்கியது. "என் பிள்ளைங்க கூண்டுக்குள்ள பள்ளம் தோண்டணுமா? வேண்டாம்மா. அதுங்க பயந்தா ரெண்டு நாள் சாப்பிடாது."

மேடம் ஹைட்ரன்ட், விதி, அழுத்தம் என்று ஆரம்பித்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் மேனேஜர் ரெண்டு இஞ்ச் ஆர்டரைத் தயாராக வைத்திருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"சார், ஹாஸ்டல் தண்ணிய வெள்ளையன் குடிக்க மாட்டேன்னுட்டான்."

"வெள்ளையன் அங்க எதுக்குக் குடிக்கிறான்?" என்று நிமிர்ந்தார்.

"டெஸ்ட் பண்ணாங்க சார். இந்த லைன் வந்தா கூண்டுக்குள்ளயே ஒரு குழாய் வைப்போம். ஓடுற தண்ணி. பதினோரு பேருக்கும் கணக்குல சேத்துட்டேன்."

சேர்க்கவில்லை. அன்று மத்தியானம்தான் என்.ஏ.ஐ. என்று ஒரு தனி லேயர் போட்டுச் சேர்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் புது டிராயிங்கையும் அந்தக் கோப்பை நகலெடுத்துத்தான் தொடங்குவேன்.

"பிள்ளைங்களுக்குத் தனிக் குழாயா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. காலையில் அவற்றை நடக்கக் கூட்டிப்போகிற நேரத்தில் மட்டும் தோண்ட வேண்டும் என்று ஒரே நிபந்தனை. மேனேஜர் தன் காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்தார். வெளியே வந்ததும் மேடம் என்னைப் பார்த்து, "ம்" என்றார்கள். சாதாரண "ம்" இல்லை. ஸ்வரத்தோடு.

குழாய் போட்டு முடிந்து சோதனை நாள். ஹாஸ்டல் வாசலில் புத்தம்புது ஹைட்ரன்ட். அதன் மேல் அழுத்தமானி. ஷிப்டுக்குப் போகாத பெண்கள் எல்லாம் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் ஓரமாகக் கைகட்டி நின்றார். அவருக்குப் பக்கத்தில் நாலு மணல் வாளி. தயாராகத்தான் வந்திருந்தார். சுந்தரம் அண்ணன் வேலியிலிருந்து வெகு தூரம் தள்ளி நின்றார்.

பம்ப் ஓடியது. ஹைட்ரன்டைத் திறந்தோம். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. படிக்கட்டில் ஒரே விசில். நான் முள்ளைப் பார்த்தேன்.

இருபத்தாறு.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "அப்ப வாளிய மாட்டச் சொல்லட்டுமா?" என்றார். மேடத்தின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. செல்வி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தாறு. எங்கே பார்த்திருக்கிறேன் இதை? ஐயோ, இது என் எண் அல்லவா! பழைய கணக்கு! வட்டம் இல்லாவிட்டால் வருகிற எண்! குழாய் சரி, பம்ப் சரி. வட்டத்தில்தான் எங்கோ அடைத்திருக்கிறது.

"கூண்டுக்குள்ள வால்வு!" என்று கத்தினேன். "நாய்த் தொட்டி கட்டுன கொத்தனார் அடைச்சிருப்பாரு! மறுபடி தொறக்கல!"

எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் பதினொன்றும் எழுந்து நின்று குரைத்துக்கொண்டிருந்தன. நாய்க்காரர் அன்று லீவு. சுந்தரம் அண்ணன் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்.

"செத்த நேரம் பொறு" என்றாள் செல்வி. இடுப்பில் தலைப்பு. "ரா... ரா, ரா..." உள்ளே போய்விட்டாள். வால்வுக் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுச் சாவியைத் திருகுவது வேலி வழியாகத் தெரிந்தது. நூல் அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுகிற கை அது. வெள்ளையன் அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தான்.

முள் அசைந்தது. இருபத்தெட்டு. "இன்னும்!" என்றேன். முப்பத்திரண்டு. படிக்கட்டில் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். முப்பத்தைந்து. முப்பத்தாறு.

முள் அங்கேயே நின்றது. நான் மேடத்தைக் கட்டிப் பிடித்துவிட்டேன். ஏழு வருடத்தில் அந்த ஒருமுறைதான். மேனேஜர் மணல் வாளிகளைப் பார்த்தார். வாளிகளைச் சமையலறைக்கு அனுப்பிவிடலாமா என்று அவரே கேட்டார்.

குழாயைக் கழுவி, குளோரின் பார்த்து, மறுநாள் காலை ஹாஸ்டல் குழாய் திறந்தார்கள். டம்ளரோடு வரிசை நின்றது. ஆனால் ஒருத்தியும் குடிக்கவில்லை. எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். செல்வி வேலிப் பக்கம் பார்த்தாள்.

கூண்டுக்குள் புதுத் தொட்டியில் அதே தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. வெள்ளையன் வந்தான். மோந்து பார்த்தான். எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். என் ஏழு வருட உத்தியோகத்தில் எந்த ஆய்வு அதிகாரி முன்னாலும் நான் அப்படி நடுங்கியதில்லை.

பிறகு தலையைக் குனிந்து சளப் சளப்பென்று குடிக்க ஆரம்பித்தான்.

"பாஸ் போட்டாச்சுட்டி" என்றாள் செல்வி. டம்ளரை நிறைத்து ஒரே மூச்சில் குடித்தாள், துப்பவில்லை. அடுத்த டம்ளரை என்னிடம் நீட்டினாள்.